வேலை பார்த்துக்கொண்டே இசைத் தேர்வு: எந்தச் சான்றிதழ், எத்தனை மணி நேரம், யாருக்குப் பயன்?

சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போய் பத்தாம் வகுப்பில் நிறுத்தியவரா நீங்கள்? அல்லது முதல் சம்பளத்தில் கீபோர்டு வாங்கி, அது இப்போது கட்டிலுக்கு அடியில் தூங்குகிறதா? முப்பதை நெருங்கும்போது பலருக்கும் ஒரு ஆசை வருகிறது: 'மறுபடி கத்துக்கணும், இந்த முறை பரீட்சையும் எழுதி ஒரு சர்டிஃபிகேட் வாங்கணும்.'

ஆசை நல்லதுதான். ஆனால் இந்தியாவில் இசைக்கு ஒரே ஒரு தேர்வு முறை கிடையாது. லண்டன் வாரியங்களின் கிரேடுகள் ஒரு பக்கம், விஷாரத், வித்வத் போன்ற நம்மூர்ப் படிநிலைகள் இன்னொரு பக்கம், பல்கலைக்கழகப் பட்டங்கள் வேறொரு பக்கம். ஒன்றுக்காகச் செலவழித்த வருடங்கள் இன்னொன்றில் செல்லாமல் போகலாம். வேலையும் குடும்பமும் போக மிஞ்சும் நேரத்தில் படிப்பவருக்கு இது சின்ன நஷ்டமில்லை. எனவே ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

சுருக்கமாக

• சான்றிதழை யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேர்வு முறையை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.
• பிரிட்டிஷ் வாரியங்களின் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து கிரேடு 5 வரை சுமார் 600 மணி நேரம், கிரேடு 8 வரை சுமார் 1,410 மணி நேரம் ஆகும்.
• கிரேடு 8 என்பது பட்டம் இல்லை. அது பிரிட்டனில் பள்ளி இறுதி நிலைக்குச் சமம்.
• தொலைநிலைக் கல்வியில் இசைப் பட்டம் என்றால், யுஜிசி அனுமதியைப் பார்க்காமல் சேரக் கூடாது.

யார் பார்க்கப் போகிறார்கள்?

வேலைக்குப் போகும் ஒருவர் இசைத் தேர்வு எழுத நினைப்பதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள் இருக்கும்.

ஒன்று, உங்களுக்காக. ஒரு இலக்கும் தேதியும் இருந்தால்தான் தினமும் உட்கார்ந்து பயிற்சி செய்வேன் என்பவர்கள் இந்த வகை. இவர்களுக்கு எந்த வாரியமும் சரிதான். எந்தப் பாட்டுகளை வாசிக்கப் பிடித்திருக்கிறதோ அந்தப் பாடத்திட்டத்தை எடுத்தால் போதும்.

இரண்டு, பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்க. பியானோ, கிட்டார் சொல்லித்தரும் தனியார் இசைப் பள்ளிகளில் கிரேடு 8 அல்லது டிப்ளமோ கேட்பது வழக்கம். வீட்டிலேயே பாடம் எடுக்க சட்டப்படி எந்தச் சான்றிதழும் தேவையில்லை, ஆனால் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் கேட்பார்கள்.

மூன்று, பள்ளியிலோ கல்லூரியிலோ முழுநேர வேலைக்கு. இங்கே விதிகள் கறாரானவை. உதாரணமாக, கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க நிலை இசை ஆசிரியராக பிளஸ் 2-வில் 50% மதிப்பெண்ணும், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் இசையில் இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதியும் வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு யுஜிசி நெட் எழுத வேண்டும், நெட் எழுத முதுநிலைப் பட்டம் வேண்டும்.

நான்கு, மேடைக்காக. இதில் சான்றிதழின் வேலை ரொம்பக் குறைவு. சபா செயலாளர் உங்கள் மார்க் ஷீட்டைக் கேட்க மாட்டார். ஆகாஷ்வாணியில் பி, பி ஹை, ஏ, டாப் என்று கலைஞர்களுக்குத் தரம் பிரிக்கிறார்கள். அதைக் குரல் தேர்வில், அதாவது ஆடிஷனில், பாடியோ வாசித்தோ வாங்க வேண்டும். கச்சேரிக்காரர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'ஆகாஷ்வாணி ஏ கிரேடு' என்று போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உலகத்தில் அதற்குத்தான் மதிப்பு.

உங்கள் காரணம் இரண்டாவதா, மூன்றாவதா என்பதில் தெளிவில்லாமல் சேருவதுதான் பெரிய ஆபத்து. ஆறு வருடம் உழைத்து கிரேடு 8 வாங்கிவிட்டு, 'இசையில் பட்டம் இருக்கிறதா?' என்று விண்ணப்பப் படிவம் கேட்கும் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

லண்டன் கிரேடுகள் எப்படி வேலை செய்கின்றன?

மேற்கத்திய இசைக்கு இந்தியாவில் பெரிய அளவில் எழுதப்படுபவை ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி ஆகிய இரண்டின் தேர்வுகள். ராக், பாப் பக்கம் போனால் ராக்ஸ்கூல் என்பதும் உண்டு. பெரியவர்கள் வேலைக்கு நடுவே இவற்றை எழுதுவது நம்மூருக்குப் புதிதும் இல்லை. இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துக்கொண்டே டிரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர்தான்.

ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டிலும் ஆரம்பநிலை தவிர 8 கிரேடுகள். வயது வரம்பு கிடையாது. முந்தைய கிரேடை எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேராக கிரேடு 3-ல் தொடங்கலாம். தேர்வுக் கட்டணம் கிரேடுக்கு கிரேடு ஏறிக்கொண்டே போவதால், ஒன்று விட்டு ஒன்று எழுதினால் செலவு நன்றாகக் குறையும்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஏபிஆர்எஸ்எம்-இன் நேரடித் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாடல்களுக்கு தலா 30, ஸ்கேல்களுக்கு 21, முன்பின் பார்க்காத நோட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்வதற்கு 18. தேற 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. ஒவ்வொரு பகுதியிலும் தேற வேண்டும் என்ற விதி இல்லை. ஒரு கணக்கு பாருங்கள்: மூன்று பாடல்களிலும் 24 வாங்கினால் 72. ஸ்கேலில் 14, கேட்டலில் 12. பார்த்து வாசிப்பதில் சொதப்பி 10 மட்டுமே வாங்கினாலும் கூட்டுத்தொகை 108. பாஸ்.

பெரியவர்களைப் பயமுறுத்துவது பெரும்பாலும் இந்தப் பார்த்து வாசித்தலும் காதுத் தேர்வும்தான். அவை இரண்டுமே இல்லாத வடிவம் ஒன்று 2020-ல் வந்தது. 'பெர்ஃபார்மன்ஸ் கிரேடு' என்று பெயர். நான்கு பாடல்களை இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பாடலுக்கு 30 வீதம் 120, மொத்த நிகழ்ச்சிக்கு 30. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே பதிவு செய்யலாம், லீவு போட வேண்டாம். ஆனால் 'இன்னொரு டேக்' என்று நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்கும் அபாயமும் இதில்தான் இருக்கிறது.

டிரினிட்டியில் மொத்தம் 100. தேற 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. இங்கேயும் வீடியோ வழித் தேர்வு உண்டு.

முக்கியமான ஒரு வித்தியாசம் தியரியில் இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்-இல் கிரேடு 5-க்கு மேல் போக, கிரேடு 5 தியரியோ அதற்கு மாற்றாக அந்த வாரியம் ஏற்கும் வேறு தேர்வோ முடித்திருக்க வேண்டும். இந்தத் தியரித் தேர்வு இப்போது ஆன்லைனில் நடக்கிறது. 75-க்கு 50 வாங்கினால் பாஸ். டிரினிட்டியில் இப்படிக் கட்டாயம் ஏதும் இல்லை. கிரேடு 5 வரை ஒரு வாரியத்தில் எழுதிவிட்டு அடுத்த வாரியத்துக்கு மாறுவதற்கும் தடை இல்லை.

வாத்தியத்தையும் கவனியுங்கள். ஏபிஆர்எஸ்எம்-இன் கிட்டார் தேர்வு நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கானது. காலேஜில் வாங்கிய ஸ்டீல் ஸ்டிரிங் கிட்டாரில் கார்டு பிடித்துப் பாடுபவருக்கு டிரினிட்டி ராக் அண்டு பாப் அல்லது ராக்ஸ்கூல் பொருந்தும். வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால், பியானோ பாடத்திட்டத்தை எடுத்துவிட்டுப் பாதியில் திண்டாடாதீர்கள். டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டமே இருக்கிறது.

சரி, எத்தனை மணி நேரம்?

'ஒரு வருஷத்துல கிரேடு 5' என்ற விளம்பரங்களைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் முறைப்படுத்தப்பட்ட தகுதிகள் ஒவ்வொன்றுக்கும், வகுப்பும் சொந்தப் பயிற்சியும் சேர்த்து மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மதிப்பீட்டைத் தேர்வு வாரியம் வெளியிட வேண்டும். இசை கிரேடுகளுக்கான எண்கள் இவை:

• கிரேடு 1: 60 மணி
• கிரேடு 2: 90 மணி
• கிரேடு 3: 120 மணி
• கிரேடு 4: 150 மணி
• கிரேடு 5: 180 மணி
• கிரேடு 6: 220 மணி
• கிரேடு 7: 270 மணி
• கிரேடு 8: 320 மணி

கூட்டிப் பார்த்தால், முதல் ஐந்து கிரேடுகளுக்கு 600 மணி. அடுத்த மூன்றுக்கு மட்டும் 810 மணி. பாதிக்கு மேல் வந்துவிட்டோம் என்று கிரேடு 5-ல் நினைப்பவர் உண்மையில் பாதி தூரத்தைக்கூடத் தாண்டவில்லை.

இதை உங்கள் வாரத்தில் பொருத்திப் பார்ப்போம். பொங்கல், தீபாவளி, காய்ச்சல், ஆபீஸில் ரிலீஸ் நேரம் எல்லாம் போக வருடத்துக்கு 48 வாரம் பயிற்சி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

• தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள்: வருடத்துக்கு 120 மணி. கிரேடு 5-க்கு 5 வருடம், கிரேடு 8-க்கு ஏறக்குறைய 11 வருடம் 9 மாதம்.
• தினம் 45 நிமிடம், வாரம் 6 நாள்: வருடத்துக்கு 216 மணி. கிரேடு 5-க்கு 2 வருடம் 9 மாதம், கிரேடு 8-க்கு ஆறரை வருடம்.
• தினம் ஒரு மணி நேரம், வாரம் 7 நாள்: வருடத்துக்கு 336 மணி. கிரேடு 5-க்கு 1 வருடம் 9 மாதம், கிரேடு 8-க்கு 4 வருடம் 2 மாதம்.

இவை சராசரி மதிப்பீடுகள். சிலர் சீக்கிரம் போவார்கள், சிலருக்குக் கூடுதலாக ஆகும். சின்ன வயதில் கற்றது கை கொடுக்கும். ஏற்கெனவே கிரேடு 3 அளவுக்கு வாசிக்கத் தெரிந்தவருக்கு 270 மணி மிச்சம். அவர் இரண்டாவது வேகத்தில் போனால் ஒன்றரை வருடத்தில் கிரேடு 5 எழுதலாம். ஆனால் கிரேடு 1, 2-ஐ எழுதாமல் தாண்டுவதால் மட்டும் மணி நேரம் குறைந்துவிடாது. தேர்வைத்தான் தாண்டுகிறீர்கள், கற்க வேண்டியது அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம். கிரேடு 6, 7, 8-க்கு பிரிட்டிஷ் பல்கலைக்கழகச் சேர்க்கையில் யூகாஸ் புள்ளிகள் கிடைக்கும் என்று இசைப் பள்ளிகள் சொல்லும். உண்மைதான், கிரேடு 8-ல் டிஸ்டிங்ஷன் வாங்கினால் 30 புள்ளி. ஆனால் அது அங்கே இளநிலைப் படிப்பில் சேரும் மாணவர்களுக்கானது. ஏற்கெனவே பி.இ. முடித்து வேலையில் இருப்பவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

கிரேடு 8-க்கு மேல் டிப்ளமோக்கள் உண்டு. டிரினிட்டியில் ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல் என்று மூன்று படிகள். பிரிட்டனின் தகுதிச் சட்டகத்தில் இவை முறையே 4, 6, 7-ஆம் நிலைகள். எல்டிசிஎல் அங்கே இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டு அளவு. இங்கே அது தானாகவே இந்தியப் பல்கலைக்கழகப் பட்டமாகிவிடாது.

நம்மூர் இசைக்கு என்ன வழி?

இந்திய இசையில் தேர்வு முறை என்பதே குருகுலத்தில் போய்த் தங்க முடியாதவர்களுக்காக வந்ததுதான். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். ஃபீஸ் கட்டி, வகுப்பில் உட்கார்ந்து, பாடத்திட்டப்படி யார் வேண்டுமானாலும் சங்கீதம் படிக்கலாம் என்பது அப்போது புதுசு. 1926-ல் பாத்கண்டேயின் முயற்சியில் லக்னோவில் இசைக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு அலகாபாத்தில் பிரயாக் சங்கீத சமிதி தொடங்கப்பட்டது. 1927-ல் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது, 1931-ல் அதன் இசை ஆசிரியர் கல்லூரி வந்தது.

இன்று நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து வாய்ப்புகள் மாறும்.

புனே, மும்பை, டெல்லியில் ஹிந்துஸ்தானி கற்பவர்கள் அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டல் நடத்தும் தேர்வுகளை எழுதுகிறார்கள். பிராரம்பிக்கில் தொடங்கி, பிரவேஷிகா, மத்யமா, விஷாரத் ஆகிய ஒவ்வொன்றிலும் பிரதம், பூர்ண என இரண்டு படிகள். ஒரு படிக்கு ஒரு வருடம் வீதம் விஷாரத் முடிக்கவே 7 வருடம். அதற்கு மேல் அலங்கார். தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும், செய்முறையோடு எழுத்துத் தேர்வும் சேர்ந்து வரும். பிரயாக் சமிதியில் ஜூனியர், சீனியர் டிப்ளமோவைத் தாண்டினால் பிரபாகர், அதற்கு மேல் பிரவீண்.

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு கர்நாடக மாநிலத்தின் ஜூனியர், சீனியர், வித்வத் தேர்வுகள் இருக்கின்றன. கர்நாடக இசைக்கும் இதில் இடம் உண்டு. ஜூனியரில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று தொடங்கும். நீங்கள் எட்டு வயதில் பாடியது அப்படியே பாடத்திட்டத்தில் இருக்கும். சீனியரில் வர்ணமும் கிருதிகளும் வரும். வித்வத் போகும்போது ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் சொந்தமாகப் பாட வேண்டும். அங்கேதான் மனப்பாடம் கை விட்டுவிடும்.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசையும் ஒன்று. லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள்.

விஷாரத், பிரபாகர் போன்றவை 'பி.ஏ.-வுக்குச் சமம்' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு மாநிலம் ஏற்பதை இன்னொரு மாநிலம் ஏற்காமல் போகலாம். ஒரு துறை வேலைக்கு ஏற்பதை ஒரு பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு மறுக்கலாம். நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் இடத்தின் அறிவிக்கையில் அந்தத் தேர்வின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டமே வேண்டும் என்றால்?

ஏற்கெனவே வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர் மறுபடி பி.ஏ. இசையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. எந்தப் பட்டம் இருந்தாலும், பாடவோ வாசிக்கவோ வைத்துத் திறனைப் பார்த்து எம்.ஏ. இசையில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே கச்சேரி அளவுக்குப் பயிற்சி இருந்தால் இந்த வழியை முதலில் விசாரியுங்கள். பல வருடங்கள் மிச்சமாகும். ஆனால் வேலை விதியில் 'இசையில் இளநிலைப் பட்டம்' என்று குறிப்பாக இருந்தால், எம்.ஏ. மட்டும் போதுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகள்தான் வழி. இவற்றுக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி வேண்டும். இந்த அனுமதியைப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் படிப்புக்கும், நீங்கள் சேரும் பருவத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தளத்தில் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து இந்தப் படிப்புகளில் சேர, மாணவர் தன் பெயரில் டெப் ஐடி உருவாக்குவதும் கட்டாயம். அது கேட்காமலேயே யாராவது சேர்த்துக்கொண்டால், கொஞ்சம் உஷாராகுங்கள்.

முழுப் பட்டத்துக்கு முன் சின்னதாக முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு இக்னோவின் நிகழ்த்துகலைச் சான்றிதழ் படிப்புகள் உண்டு. ஹிந்துஸ்தானி, கர்நாடக இசை இரண்டிலும் இருக்கின்றன.

செயலிகளும் ஆன்லைன் வகுப்பு நிறுவனங்களும் தரும் 'டிப்ளமோ'க்கள் வேறு ரகம். அவை படிப்பை முடித்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். கற்பது நன்றாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் வேலைக்கான தகுதியாக எண்ண வேண்டாம்.

பெரியவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

முதல் சிக்கல், காது கையை முந்திக்கொள்வது. இருபது வருடமாக நல்ல இசை கேட்ட காதுக்கு, தன் கை வாசிப்பது சகிக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வெட்கம் இல்லை. பெரியவர்களில் பலர் கிரேடு 2-க்குள் விட்டுவிட இந்த வெட்கம் ஒரு முக்கியக் காரணம். தொடக்கத்திலேயே உங்கள் வாசிப்பை மாதம் ஒரு முறை போனில் பதிவு செய்து வையுங்கள். நேற்றோடு ஒப்பிட்டால் தெரியாத முன்னேற்றம் மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டால் தெரியும்.

இரண்டாவது, வார இறுதிப் பயிற்சி. ஐந்து நாள் தொடாமல் சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவது கணக்கில் சரியாக வரும், கையில் வராது. விரலுக்கும் குரலுக்கும் தினமும் கொஞ்சம் வேண்டும். ஆபீஸுக்குக் கிளம்பும் முன் 15 நிமிடம், இரவு 15 நிமிடம் என்று பிரித்தால்கூடப் போதும்.

மூன்றாவது, சத்தம். பிஜியிலும் அபார்ட்மென்டிலும் இரவு பத்து மணிக்கு மிருதங்கம் வாசிக்க முடியாது. டிஜிட்டல் பியானோவில் ஹெட்போன் போடலாம், வயலினுக்குப் பயிற்சி மியூட் இருக்கிறது. பாட்டுக்கோ மிருதங்கத்துக்கோ காலை நேரம்தான். நீங்கள் இரவு ஷிப்ட் என்றால், வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசியுங்கள்.

நான்காவது, ஆசிரியர். குழந்தைகளுக்குச் சொல்லித்தருவதில் கைதேர்ந்த ஒருவர் பெரியவர்களோடு தடுமாறலாம். 'ஏன் இந்த விரல்?' என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் சொல்லும் பொறுமை அவருக்கு இருக்க வேண்டும். வேலையால் வகுப்பு தவறினால் ஈடு செய்வாரா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஃபீஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• இது எந்த வாரியத்தின் தேர்வு? சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும், வாரியத்தினுடையதா, இந்தப் பள்ளியினுடையதா?
• தேர்வுக் கட்டணம், புத்தகம், பக்கவாத்தியக்காரர், தியரி வகுப்பு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு?
• நேரடித் தேர்வு என்றால் எந்த ஊரில்? வார நாளில் வந்தால் லீவு கிடைக்குமா?
• இதே தேர்வை எழுதிய பெரியவர்கள் இந்த ஆசிரியரிடம் இருக்கிறார்களா? அவர்களிடம் பேசலாமா?
• நான் காட்டப் போகும் இடம் இந்தச் சான்றிதழை ஏற்கும் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாத்தியம் இருந்தால் வாசியுங்கள், பாட்டு என்றால் ஸ்ருதிப் பெட்டி செயலியைப் போட்டுக்கொண்டு சரளி வரிசை பாடுங்கள். தினமும் எத்தனை நிமிடம் என்று மட்டும் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதிவாருங்கள். 14 நாள் கழித்து மொத்தத்தை 24-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால், 48 வாரக் கணக்கில் உங்கள் வருடாந்தர மணி நேரம் கிடைக்கும். 600-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். கிரேடு 5-க்கு எத்தனை வருடம் என்று வரும் விடை உங்களுக்குச் சம்மதம் என்றால், படிவத்தை நிரப்பலாம்.